எழுந்திருக்காதே, டுவேன்

மூன்றாம் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கணினி பழுதுபார்க்கும் கர்ட்டிஸ் ஓப்டால் அந்தக் கால்பெடலைக் கையால் நூற்றுப் பதினாறாவது தடவையாக அழுத்தினார். மேலே திரையில் சிவப்புப் பொட்டு எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. நூற்றுப் பதினேழு. எரிந்தது, அணைந்தது. வாத்தியார் எதிரில் நிற்கும் பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

கவுண்டி என்னும் அந்த மாவட்டத்தின் அவசர அழைப்பு அறையில் மூன்று மேசைகள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, ஷெரிஃபின் போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் இங்கிருந்துதான் ரேடியோவில் வழி சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவருக்குக் கை ஓயாது. ஒரு கை வரைபடத்தை நகர்த்தும், ஒரு கை எழுதும். ஆகையால் பேசும் பொத்தானைக் காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெடலை மிதித்தால் குரல் காற்றில் ஏறும், காலை எடுத்தால் எதிர்முனையில் பேசுவது கேட்கும். தையல் மெஷினைவிட எளிய சங்கதி.

அந்த எளிய சங்கதி இரண்டு வாரத்துக்கு முன்பு, ஜனவரி ஒன்பதாம் தேதி பகல் இரண்டு மணிக்கு, பதினோரு நொடி வேலை செய்யவில்லை என்று ரினே வெட்ஸல் சொன்னாள். மூன்றாம் மேசை அவளுடையது. ஹார்லன் ஸ்டீன் என்கிற விவசாயிக்கு நெஞ்சுவலி. வழக்கமான பாதையைப் பனி மூடியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர், "எந்தத் திருப்பம், மரத்தோப்புக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று ரேடியோவில் கேட்டார். முன்னாடி என்று ரினே சொன்னாள். பெடலை மிதித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆம்புலன்ஸில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி திருப்பத்தைத் தாண்டிப் போய், திரும்ப இடம் கிடைக்காமல் நாலு மைல் ஓடி, வந்த வழியே வந்தது. ஒன்பது நிமிடம் வீண். ஹார்லன் ஸ்டீன் ஒன்பது நிமிடம் காத்திருக்கவில்லை.

ஒலிப்பதிவில் அந்தக் கேள்விக்குப் பின் பதினோரு நொடி வெறும் மௌனம். ரேடியோவில் ஏறியதைத்தான் அந்த இயந்திரம் பதியும். அறையில் பேசியதை அல்ல. எனவே ரினே பேசினாளா, திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாளா என்பது அவள் வாய்ச்சொல்லில் மட்டும்தான் இருந்தது. அவளைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. கடமை தவறினாள் என்று முடிவானால் வேலை மட்டும் போகாது. அவளுடைய சான்றிதழும் போகும். அப்புறம் அந்த மாநிலத்தில் எந்தக் கவுண்டியிலும் அவள் ஹெட்செட்டை மாட்ட முடியாது. பத்தொன்பது வருடமாக அவள் செய்துவந்தது அந்த ஒரு வேலைதான்.

அன்று திங்கட்கிழமை.

"ஏதாவது கிடைச்சுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது. அறையின் இயக்குநர் ப்ரென்ட். கர்ட்டிஸைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், பனிச்சாலையில் தூவும் உப்பின் கறை ஒரு துளிகூட அவர் சப்பாத்தில் இருக்காது.

"இன்னும் இல்ல."

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு எழுதிடுங்க, கர்ட்டிஸ். ஏற்கெனவே மூணு தடவை நீங்கதானே எழுதியிருக்கீங்க."

எழுதியிருந்தார். நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, ஜனவரி மூன்றாம் தேதி ஒன்று. ரினே கணினியில் புகார் போடுவாள்: 'பெடலும் ஹெட்செட்டும் சில சமயம் பத்து நொடி செத்துவிடுகின்றன.' கர்ட்டிஸ் மேல்மாடியிலிருந்து இறங்கி வருவார். கேபிளை மாற்றுவார், பெடலை மாற்றுவார், அரைமணி நேரம் சோதிப்பார். பெடல் சொன்னபடி கேட்கும். 'குறை தென்படவில்லை. புகார் மூடப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போவார். பொய் இல்லை. தென்படவில்லைதான்.

"அந்த மூணு சீட்டுந்தான் எங்க ஃபைல்லயே தெளிவா இருக்கற விஷயம்," என்றார் ப்ரென்ட். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

கர்ட்டிஸுக்கு மேசைக்கு அடியில் வியர்த்தது. முழுக்கக் கெட்டுப்போன பொருளை அவர் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார். எது செத்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். விட்டுவிட்டுக் கெடும் பொருள் அப்படி அல்ல. பல்மருத்துவர் வாசலில் நின்றுவிடும் பல்வலி அது. அதைப் பிடிக்க ஒரே வழி, அது வரும் நேரத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று பார்ப்பது. கணினி அதையெல்லாம் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும்: இந்த மணிக்கு இந்தப் பெடல் போயிற்று, இந்த மணிக்குத் திரும்ப வந்தது என்று நொடிக்கணக்காக. மூன்றாம் மேசைக் கணினியின் குறிப்பேடு இப்போது இல்லை. ஹார்லன் இறந்த மறுநாள் காலை, "அந்த மேசையைச் சுத்தமாத் தயார் பண்ணிடுங்க" என்று ப்ரென்ட் சொன்னார். கர்ட்டிஸ் கணினியை முழுதாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். சந்தேகம் வந்தால் துடைத்து ஏற்று என்பது அவர் தொழிலில் முதல் பாடம். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு மாடி ஏறினார். அந்தக் குறிப்பேடும் அதோடு போயிற்று என்பது படிக்கட்டின் நடுவில்தான் உறைத்தது.

அதை இன்னும் ரினேயிடம் சொல்லவில்லை.

செவ்வாய் மத்தியானம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கட்டிடத்துக்குள் வர அவளுக்கு அனுமதி இல்லை. வாகன நிறுத்தத்தில் அவளுடைய பிக்கப் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்பாது. கர்ட்டிஸ் ஏறி உட்கார்ந்தார். கதவின் இரும்பைத் தொட்டதும் விரலில் சுரீர் என்று மின்சாரம் அடித்தது.

"நீ பக்கத்துல போனா அந்தப் பெடல் நல்ல பிள்ளையாயிடும், இல்ல?" என்றாள் ரினே, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "எங்க அம்மாவும் பாதிரியார் வந்தாத்தான் சிரிப்பா."

"ரினே, ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கணினியை நான் துடைச்சிட்டேன்."

"எப்போ?"

"மறுநாளே."

ஹீட்டர் காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

"யாராவது சொன்னாங்களா, நீயா பண்ணினியா?"

"ப்ரென்ட் தயார் பண்ணச் சொன்னார். துடைக்கச் சொல்லல. அது நானா பண்ணது."

"சரி," என்றாள். அந்த ஊரில் 'சரி' என்றால் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை என்று அர்த்தம். மன்னித்தாள் என்று அர்த்தமில்லை. "நேத்து மளிகைக் கடையில ஹார்லன் வீட்டம்மா என்னைப் பாத்தாங்க. தள்ளுவண்டியைத் திருப்பிக்கிட்டு வேற வரிசைக்குப் போயிட்டாங்க. நாப்பது வருஷமா தெரிஞ்சவங்க, கர்ட்டிஸ். என் ஞானஸ்நானத்துக்குக் கேக் பண்ணினவங்க."

பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் சட்டைப்பை நோட்டு. "ஒவ்வொரு தடவை சாகும்போதும் எழுதி வெச்சேன். உனக்குக் காட்டலாம்னுதான். நீ வரும்போதெல்லாம் அவசரமா வந்தே."

கர்ட்டிஸ் அங்கேயே படித்தார். தேதி, மணி, என்ன செத்தது, எத்தனை நொடி என்று இருபத்திரண்டு வரிகள். முதல் வரி நவம்பர் நாலாம் தேதி. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான வரிகளின் கடைசியில் இரண்டு மூன்று சொற்கள் தனியாக இருந்தன. 'டுவேன் காபிக்குப் போனான்.' 'டுவேன் கழிப்பறை.' 'டுவேன் தபால் எடுக்க.' இரண்டாம் மேசைக்காரன் டுவேன் ஷோக்.

"இது எதுக்கு எழுதினே?"

"பகல்ல முதல் மேசைக்கு ஆளே கிடையாது. இவனும் எழுந்து போனா எனக்கு உதவிக்கு ஆள் இல்ல பாரு. அது எவ்வளவு ஆபத்துன்னு காட்டத்தான்."

கர்ட்டிஸ் மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தார். இருபத்திரண்டில் பத்தொன்பது வரிகளில் டுவேன் எங்கேயோ போயிருந்தான். ஜனவரி ஒன்பது: 'டுவேன் எனக்காக வரைபடம் எடுக்க.'

"அவன் அக்டோபர்லதானே புது நாற்காலி வாங்கினான்?"

"முதுகுக்கு. கவுண்டியே வாங்கிக் கொடுத்துச்சு. ராஜா மாதிரி உக்காந்திருக்கான். ஏன்?"

கர்ட்டிஸ் கதவைத் திறந்தார். இந்தத் தடவை இரும்பைத் தொடுமுன் ஒரு கணம் நின்று, வேண்டுமென்றே ஒற்றை விரலை நீட்டித் தொட்டார். சுரீர். அவர் முகத்தில் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக ஒரு களை வந்தது.

புதன்கிழமை காலை ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தொன்று. கர்ட்டிஸ் அழைப்பு அறைக்குள் நுழைந்ததும் டுவேன் எழுந்தான்.

"வா, ஓப்டால். உக்காரு. காபி ஊத்தட்டுமா?"

மூன்றாம் மேசைக் கணினியில் 'டுங்' என்று ஒரு சத்தம் கேட்டது. இணைத்திருந்த பொருள் எதையாவது பிடுங்கினால் கணினி போடும் சத்தம் அது. பெடலை யாரும் பிடுங்கவில்லை. அந்த மேசைப் பக்கம் ஆளே இல்லை.

கர்ட்டிஸ் அசையாமல் நின்றார். பத்து நொடி கழித்து 'டிங்' என்று பெடல் திரும்பி வந்தது.

"டுவேன், உக்காரு."

"பரவால்ல, நீ உக்காரு, நான் நிக்கறேன்."

"உக்காருய்யா!"

டுவேன் உட்கார்ந்தான். நூற்றி நாற்பது கிலோ ஆள். நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது. கர்ட்டிஸ் நாலு எட்டு தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். டுவேன் மறுபடி எழுந்தான்.

"ஏன் எழுந்தே?"

"நீ வந்தியே."

அப்போதுதான் கர்ட்டிஸுக்கு முழுதும் புரிந்தது. மூன்று தடவையும் தான் ஏன் ஒன்றும் பார்க்கவில்லை என்பதும் சேர்த்து. அந்த ஊரில் ஒருவர் வேலையாக வந்து நின்றால் மற்றவர் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் வாசலில் தலைகாட்டும்போதே ரினே எழுந்து இடம் விடுவாள், டுவேன் எழுந்து காபி ஊற்றப் போவான். பெடல் சாகும் அந்தப் பத்து நொடியில் அவர் கருவிப் பையை இறக்கி வைத்துக்கொண்டு, 'என்னப்பா குளிர்' என்று பேசிக்கொண்டிருப்பார். அவர் சோதித்து முடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் மரியாதையாக நின்றுகொண்டே இருப்பார்கள். அவர் போன பிறகுதான் உட்காருவார்கள். உட்கார்ந்தவன் எழுந்தால் வரும் நோயை, எல்லோரையும் நிற்க வைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்.

"நான் என்ன பண்ணினாலும் இன்னிக்கு எழுந்திருக்காதே, டுவேன். நான் சொன்னா மட்டும் எழுந்திரு."

"என் நாற்காலிதான் குத்தவாளியா? நான் குண்டுன்னு நேராவே சொல்லிடு."

"குண்டு இல்லய்யா, கேளு." கர்ட்டிஸ் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு வயது குறைந்துவிடும். "காலையில கம்பளிச் சட்டையைக் கழட்டும்போது படபடன்னு பொறி வருதுல்ல? அதேதான். நீ உக்காந்திருக்கும்போது உன் பேன்ட்டும் மெத்தைத் துணியும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நீ எழுந்ததும் ரெண்டும் பிரியுது. பிரியும்போது மின்சாரம் சேந்துடுது. அடியில ஒரு இரும்புக் குழாய் இருக்கு பாரு, காத்து அடைச்சது, நாற்காலியை ஏத்தி இறக்க. நீ எழுந்தா பாரம் போய் அது குதிக்குது. உள்ள இருக்கற இரும்புத் துண்டுங்க நடுவுல சின்னதா ஒரு பொறி தாவுது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரு பொறின்னா என்னன்னு நெனச்சே? அது ஒரு குட்டி ரேடியோ நிலையம்."

"சும்மா இரு."

"சத்தியமா. முதமுதல்ல கம்பியில்லாம செய்தி அனுப்பினதே பொறி விட்டுத்தான். உன் நாற்காலி ஒரு தடவை 'டப்'புன்னு ஒலிபரப்புது. ரினேயோட பெடல் கேபிள் உன் மேசைக்குப் பின்னாடி சுத்திக்கிட்டுப் போகுது, ஆன்டெனா மாதிரி. அது அந்த 'டப்'பைப் பிடிச்சுக்குது. கணினி ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை 'பெடலே, இருக்கியா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பெடல் 'இருக்கேன்'னு சொல்லும். அந்த நேரம் பாத்து உன் 'டப்' உள்ள வந்தா, பதில் உளறலா கேக்குது. கணினி என்ன நெனைக்கும்? பெடலைப் பிடுங்கிட்டாங்கன்னு நெனைக்கும். விட்டுடும். அப்புறம் புதுசா வந்த ஆள் மாதிரி பேரு, ஊரு எல்லாம் விசாரிச்சுச் சேத்துக்கும். அந்த விசாரணைக்குத்தான் பத்துப் பதினோரு நொடி."

"என் பெடலும் சாகணுமே அப்போ?"

"சாகுது! நீதான் எழுந்து போயிட்டியே. நீ காபியோட திரும்பி வரும்போது அது உயிரோட இருக்கும். உனக்கு எப்படித் தெரியும்?"

டுவேன் வாய்விட்டுச் சிரித்தான். இருபது தடவை உட்கார்ந்து எழுந்தான். ஒன்பது தடவை 'டுங்' கேட்டது. கர்ட்டிஸ் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். சுவரில் தான் ஒட்டிய சின்ன ஈரமானியைப் பார்த்து அதையும் எழுதினார்: காற்றில் ஈரம் நூற்றுக்கு ஒன்பது. வெளியே கொல்லும் குளிர், உள்ளே சூடேற்றிய காற்று. பாலைவனம்கூட அத்தனை காய்ந்திருக்காது. பொறி பிறக்க அதுதான் தோது.

பதினெட்டாவது தடவை எழுந்தபோது டுவேன் நின்றுவிட்டான்.

"ஓப்டால். அன்னிக்கு நான் அவளுக்கு வரைபடம் எடுக்கத்தான் எழுந்தேன்."

"தெரியும்."

"அவ கேக்கக்கூட இல்ல. நானாத்தான் எழுந்தேன்."

கர்ட்டிஸ் தரையைப் பார்த்தார். "உக்காரு, டுவேன். இன்னும் ரெண்டு தடவை இருக்கு."

அன்று மாலை ரினேக்குத் தொலைபேசியில் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, "நாற்காலியா?" என்றாள். பிறகு அழுதாள். "நாளைக்குக் கேக் பண்ணி எடுத்துட்டு வரேன். டுவேனுக்கு மட்டும் கிடையாது," என்றாள்.

வியாழக்கிழமை விடியும்போது கர்ட்டிஸின் படுக்கையறைக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே அது என்ன என்று தெரிந்துகொண்டார். வெதுவெதுப்பான தெற்குக் காற்று. ஜனவரியில் ஒரு நாள், இரண்டு நாள் அப்படி வரும். ஊரே கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு சந்தோஷமாகத் திரியும். அன்று எதிர்ப்பட்டவர்களெல்லாம் "என்ன அருமையான நாள்!" என்றார்கள். வெளியே ஃபாரன்ஹீட்டில் பூஜ்ஜியத்துக்கு மேலே நாற்பது, பனி உருகும் சூடு. மூடுபனி. சாலையெல்லாம் கரைந்த சேறு. அழைப்பு அறைச் சுவரில் மானி நாற்பத்திரண்டு காட்டியது.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. தலைவி மிஸஸ் லிண்ட்கார்ட், ஓய்வுபெற்ற பள்ளி அதிகாரி. கூட்ட அறையில் கர்ட்டிஸ் விளக்கியதைக் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். "காட்டுங்களேன், மிஸ்டர் ஓப்டால்," என்றார். அரைமணி நேரத்துக்கு அழைப்புகளைப் பக்கத்துக் கவுண்டிக்குத் திருப்பிவிட்டு எல்லோரும் கீழே இறங்கினார்கள். பன்னிரண்டு பேர், நனைந்த கோட்டும் ஈரச் சப்பாத்துமாக அந்தச் சின்ன அறையில் நின்று மூச்சு விட்டார்கள். மானி நாற்பத்தேழுக்கு ஏறியது.

டுவேன் உட்கார்ந்தான். எழுந்தான். ஒன்றுமில்லை.

உட்கார்ந்தான். எழுந்தான்.

முப்பது தடவை. கடைசியில் அவனுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது. குழுவில் இருந்த இளைஞர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ரினே சுவரோரமாக நின்றாள். அவள் கையில் அலுமினியத் தாள் மூடிய கேக் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்குக் காத்துல ஈரம் இருக்கு, மேடம்," என்றார் கர்ட்டிஸ். "ஈரம் இருந்தா துணியில மின்சாரம் தங்காது, கசிஞ்சு போயிடும். குளிர் திரும்பட்டும், நாலு நாள் குடுங்க…"

"அப்போ நேத்து இருந்தது, இன்னிக்கு இல்ல."

"ஆமா."

"நாங்க வந்தா இருக்காது."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். கர்ட்டிஸ் நேற்றைய குறிப்பேட்டின் அச்சை நீட்டினார். ஒன்பது வரிகள், நொடி சுத்தமாக.

மிஸஸ் லிண்ட்கார்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல நாற்காலின்னு எங்க போட்டிருக்கு?"

"நாற்காலின்னு போடாது, மேடம். இணைப்பு போச்சுன்னு மட்டும் போடும்."

"ஒருத்தர் கையால கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. "அப்பவும் இதே மாதிரிதான் இருக்கும்," என்றார் கர்ட்டிஸ்.

"ஜனவரி ஒன்பதாம் தேதிக் குறிப்பேடு?"

"இல்ல. நான் துடைச்சிட்டேன்."

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?" அவர் கையில் மூன்று சீட்டுகள். குறை தென்படவில்லை. குறை தென்படவில்லை. குறை தென்படவில்லை.

"என்னுதுதான். ஆனா அவ தனி நோட்டு போட்டு எழுதி…"

"நோட்டைப் பாத்தோம். அது அவங்களே எழுதினது." மிஸஸ் லிண்ட்கார்ட் டுவேன் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஷோக், நீங்க பக்கத்துல இருந்தீங்க. மிஸஸ் வெட்ஸல் அந்தப் பதினோரு நொடியில பேசினாங்களா?"

டுவேன் சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ரினேயும் பார்த்தாள்.

"நான் வரைபட அலமாரிகிட்ட இருந்தேன். அவ குரல் கேட்டுது."

"ரேடியோவுலயா, உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"அது…" அவன் தொண்டையைச் செருமினான். ஞாயிறுதோறும் பாடற்குழுவில் நிற்பவன். நிச்சயமாகத் தெரியாததை ஆணையிட்டுச் சொல்லாதவன் என்று பெயரெடுத்தவன். "குரல் கேட்டுது, மேடம். என்ன சொன்னான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி," என்றார் மிஸஸ் லிண்ட்கார்ட்.

மூன்று பேரும் மேலே போய் இருபது நிமிடத்தில் திரும்பினார்கள். கடமை தவறியது மெய்ப்பிக்கப்பட்டது, வேலை நீக்கம், சான்றிதழ் பற்றி மாநிலத்துக்கு எழுதப்படும். மேல்முறையீட்டுக்குப் பத்து வேலை நாள். ரினே வெளியே போகும்போது கேக் தட்டைக் கர்ட்டிஸின் கையில் கொடுத்தாள்.

"தட்டைத் திருப்பித் தர வேண்டாம்," என்றாள்.

தெற்குக் காற்று வழக்கத்துக்கு மாறாகப் பதினாறு நாள் நின்றது. கர்ட்டிஸ் தினமும் காலையில் மானியைப் பார்த்தார். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. நாற்காலியைத் தன் மேல்மாடி அறைக்கு இழுத்துப்போய், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, கம்பளி உடுத்தி உட்கார்ந்து எழுந்து பார்த்தார். இரண்டு தடவை 'டுங்' கேட்டது. அதைக் குழுவுக்கு எழுதினார். 'கட்டுப்பாடற்ற இடத்தில், சம்பந்தப்பட்டவரின் நண்பரால் செய்யப்பட்ட சோதனை' என்று பதில் வந்தது. பத்து வேலை நாளும் முடிந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் குளிர் திரும்பியது. திங்கட்கிழமை, பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு. ஆள் குறைவு என்பதால் ப்ரென்ட்டே மூன்றாம் மேசையில் உட்கார்ந்து ஒரு சாலை விபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். டுவேன் எழுந்தான். ப்ரென்ட் வெற்றுப் பெடலை மிதித்துக்கொண்டு பத்து நொடி பேசினார். ஷெரிஃப் வண்டி, "கேக்குதா? யாராவது இருக்கீங்களா?" என்று நாலு தடவை கேட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலமே ப்ரென்ட் மாடி ஏறி வந்தார். கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வந்துவிட்டன: உலோக உறை போட்ட புதுக் கேபிள்கள், தரைக்கு மின்சாரத்தை இறக்கும் கம்பளம், ஈரப்பதம் கொடுக்கும் கருவி, காற்றுக்குழாய் இல்லாத மூன்று நாற்காலிகள். 'வழக்கமான கருவி மேம்பாடு' என்று கோப்பில் எழுதச் சொன்னார்.

"ரினே விஷயம்?" என்றார் கர்ட்டிஸ்.

"அது முடிஞ்ச விஷயம், கர்ட்டிஸ். திரும்பத் திறந்தா ஸ்டீன் குடும்பம் யார்மேல வழக்குப் போடும்னு நெனைக்கறீங்க? மூணு சீட்டுலயும் யார் கையெழுத்து?"

அவர் போன பிறகு கர்ட்டிஸ் தன் கணினியில் அந்த மூன்று புகார்களையும் எடுத்தார். 'குறை தென்படவில்லை' என்பதை அழித்து உண்மையை எழுத வேண்டும். மூடிய புகாரில் எழுத முடியாது. முதலில் திறக்க வேண்டும். திறக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. புகார் கொடுத்தவர் மட்டுமே மூடிய புகாரைத் திறக்கலாம் என்பது விதி. பணியாளர்கள் இஷ்டத்துக்குத் திறந்து மூடிக் கணக்குக் காட்டக்கூடாது என்று, எட்டு வருடத்துக்கு முன் அந்த விதியை அதற்குள் வைத்தவரே அவர்தான். புகார் கொடுத்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை அந்த இயந்திரம் தானே நீக்கிவிடும்.

இரண்டு பக்கம் கையால் எழுதினார். என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் கண்டுபிடிக்கத் தவறியது, குறிப்பேட்டை யார் அழித்தது. கீழே கையெழுத்திட்டார். ஒரு நகலை மாநிலச் சான்றிதழ் அலுவலகத்துக்கு அனுப்பினார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை முப்பது மைல் ஓட்டினார்.

ரினே தானியக் கிடங்கில் லாரி எடைபோடும் அறையில் இருந்தாள். ஒரு ஜன்னல், ஒரு திரை, ஒரு பொத்தான். லாரி மேடையில் ஏறினால் எண் வரும். அழுத்தினால் சீட்டு அச்சாகும். கர்ட்டிஸ் கதவைத் திறந்து உள்ளே வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் உட்கார்ந்தபடியே வாங்கி, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். நடுவில் ஒரு லாரி வந்தது. எடை போட்டுச் சீட்டை நீட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"ஸ்டேட்டுக்கு அனுப்பிட்டேன். படிச்சுப் பாக்க ஆறு மாசம் ஆகும்னாங்க," என்றார் கர்ட்டிஸ்.

"ஹார்லன் வீட்டம்மாவுக்கு?"

அவருக்கு அது தோன்றவே இல்லை.

"சரி," என்றாள் ரினே. காகிதத்தை நாலாக மடித்து அந்த விதைக் கம்பெனி நோட்டுக்குள் வைத்தாள். "இப்போ பெடல் வேலை செய்யுதா?"

"செய்யுது. நல்லா செய்யுது."

"அது போதும்."

அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அவள் அதைக் காட்டவில்லை. காபிக் கெட்டில் அடுப்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது; அதையும் அவள் தொடவில்லை. வெளியே அடுத்த லாரி மேடையில் ஏறியது. திரையில் எண்கள் ஓடி ஓர் இடத்தில் நின்றன. அவள் பொத்தானை அழுத்தினாள். கர்ட்டிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டு அச்சாகி முடியும் வரை நின்றார்.